தாலி மறையும் ஆழம்

சரோஜினி நகர், புது தில்லி
3.1.2001

திரு. கலியன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விலாசத்தை நம் ஆபீஸ் வேணுவிடம் வாங்கினேன். ஒன்றரை வருஷம் கழித்து எழுதுகிறேனே என்று பயப்பட வேண்டாம், ஆபீஸ் விஷயம் மட்டும்தான். இந்தக் கடிதத்தின் நகல் ஃபைலுக்குப் போகும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் முழுசாக எழுதுகிறேன். தமிழில் தப்பிருந்தால், தில்லியில் பிறந்தவள் என்று மன்னித்துவிடுங்கள்.

யமுனைத் தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படத்தை வைத்தே சொல்ல முடியுமா என்பதுதான் நம் வேலை. இருபத்துநான்கு நாளைக்கு ஒருமுறை, காலை பத்தே முக்காலுக்கு, அது தில்லிக்கு மேலே போகும். அதே நேரத்தில் நீங்கள் படகில் போய் ஐந்து இடங்களில் வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவீர்கள். எத்தனை சென்டிமீட்டரில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அதை நோட்டில் எழுதுவீர்கள். மேலே எடுத்த படத்தையும் கீழே நீங்கள் எழுதிய எண்ணையும் பொருத்தி நான் ஒரு சூத்திரம் போட்டேன். ஏப்ரலிலிருந்து அந்தச் சூத்திரத்தை வேறு ஆறுகளுக்கும் பயன்படுத்தப் போகிறார்கள். அதற்கு முன்னால் ஒருமுறை சரிபார்க்க உட்கார்ந்தேன்.

12.2.1999 பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். அதற்கு முந்தின தடவை உங்கள் எண்கள் 58, 51, 33, 24, 19. அன்றைய எண்கள் 60, 53, 35, 26, 21. ஐந்து இடத்திலும் சொல்லிவைத்தாற்போல இரண்டு இரண்டு கூட. ஆறு அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. படத்தைப் பார்த்தால் அன்று ஆறு முழுக்க வெளுத்துக் கிடக்கிறது. மேலே எங்கோ மழை பெய்து சேறும் சகதியுமாக வந்திருக்கிறது. அந்தத் தண்ணீரில் தட்டு ஒரு சாணுக்குக் கூடத் தெரிந்திருக்காது.

படம் ஒன்று சொன்னது, உங்கள் நோட்டு ஒன்று சொன்னது. அப்போது நான் நோட்டைத்தான் நம்பினேன். படத்தில் இருக்கும் வெளுப்பு பனிமூட்டம் என்று முடிவுகட்டி அதைக் கணக்கிலிருந்து கழித்தேன். அதனால் இன்று என் சூத்திரம் சேற்றுத் தண்ணீரைப் பார்த்து நல்ல தண்ணீர் என்கிறது.

கேள்வி இதுதான். 12.2.1999 வெள்ளிக்கிழமை காலை நீங்கள் ஆற்றில் இருந்தீர்களா, இல்லையா? ஒரு வார்த்தை போதும்.

இப்படிக்கு,
ரா. மாதங்கி

*

பரங்கிப்பேட்டை
12.1.2001

மேடம்,

இல்லை. அன்று நான் ஆற்றில் இல்லை.

ஒரு வார்த்தை போதும் என்றீர்கள். ஆனாலும் ஃபைலில் வைப்பதற்காக மீதியையும் எழுதுகிறேன். அந்த ஐந்து எண்களும் நானாக எழுதியவை. அன்று மதியம் சரோஜினி நகர் மார்க்கெட் வாசலில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். யோசித்துப் பொய் எழுதுகிற தெம்புகூட அப்போது எனக்கு இல்லை. முந்தின பக்கத்தைப் பார்த்து இரண்டு இரண்டாகக் கூட்டிப் போட்டேன். படகுக்கார ராம்சரண் பையா மேல் ஒரு குற்றமும் இல்லை. படித்துறையில் பன்னிரண்டு மணிவரை எனக்காகக் காத்திருந்தாராம்.

நீங்கள் படத்தை விட்டுவிட்டு என் நோட்டை நம்பினீர்கள் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். எந்த அதிகாரியிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். என்ன நடவடிக்கை வந்தாலும் சரி.

இங்கே ஓர் இறால் பண்ணையில் தண்ணீர் பார்க்கிற வேலை. இங்கேயும் அதே வெள்ளைத் தட்டுதான். இதுவரை ஒரு எண்கூடக் குத்துமதிப்பாக எழுதியதில்லை. நீங்கள் நம்ப வேண்டும் என்பதில்லை, சொல்ல வேண்டும் போலிருந்தது.

பிப்ரவரி 25 எனக்குக் கல்யாணம். பத்திரிகை வந்ததும் பழைய ஆபீசுக்கு ஒன்று அனுப்பச் சொல்லி அண்ணன் நச்சரிக்கிறார். அனுப்புவேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பணிவுடன்,
கலியன்

*

சரோஜினி நகர்
18.1.2001

கலியன்,

இந்தக் கடிதத்துக்கு நகல் இல்லை.

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். பொய் எழுதினாய் என்பதைக்கூட ஜீரணித்துக்கொண்டேன். சரோஜினி நகர் என்கிற வார்த்தையைத் தாண்டத்தான் முடியவில்லை. உன் ரூம் கோல் மார்க்கெட்டில். படித்துறை வடக்கே. வேலை நாளில், படம் எடுக்கிற நாளில், உனக்கு சரோஜினி நகரில் என்ன வேலை? அங்கே இருப்பது என் வீடு.

எனக்கு அந்த வாரம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. உனக்கு மறந்திருந்தால் சொல்கிறேன். ராம்சரண் பையா நம் தட்டை ஹிந்தியில் தாலி என்றுதான் சொல்வார். "தாலி டூப் கயீ, கல்யாண் பாபு!" என்று அவர் கத்தினால் தட்டு மறைந்துவிட்டது என்று அர்த்தம். கலியன் என்று சொல்ல அவருக்கு என்றைக்கு வந்தது? நானும் படகில் வந்திருந்த அன்று முதல் தடவை அதைக் கேட்டு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்குப் புரியவே இல்லை. எனக்குத் தாலி என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது சாப்பாட்டுத் தட்டுதான். "எங்க ஊர்ல தாலி முழுகிப்போச்சுன்னு கத்தினா தெருவே ஓடி வரும், மாதங்கி" என்றாய். அதுவரை மேடம். அன்றைக்குத்தான் முதல் தடவை பெயர் சொன்னாய். அதிலிருந்து நோட்டில் அந்தப் பத்திக்குத் தலைப்பே தாலி என்று ஆயிற்று.

பிப்ரவரி ஆறாம் தேதி, சனிக்கிழமை, தட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "இந்தத் தாலிய ரெண்டு வருஷமா தண்ணியிலயே விட்டுக்கிட்டிருக்கேன். எப்பதான் ஒருத்தர் கழுத்துல கட்டறது?" எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "அப்பாகிட்ட வந்து கேளு" என்றேன். அதற்கு மேல் ஒரு பெண் என்ன சொல்வாள்?

நீ வரவில்லை. அடுத்த வாரம் முழுக்க, ஆபீஸ் விட்டு வந்த பிறகு, நான் வீட்டில் கதவு தட்டுகிற சத்தத்துக்கெல்லாம் எழுந்து போனேன். பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை லேபில் நீ என்னை மேடம் என்று கூப்பிட்டாய். ஜூனில் வேலையை விட்டுப் போனாய், போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறது.

இப்போது கேட்கிறேன். கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். வாழ்த்து. அந்த வெள்ளிக்கிழமை எங்கே இருந்தாய்?

மாதங்கி

*

பரங்கிப்பேட்டை
25.1.2001

மேடம்,

உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பக் கேட்கிறீர்கள். என் வாயால் கேட்க வேண்டும் என்றால் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் இருந்தேன்.

நீங்கள் சொன்ன மறுநாளே வீட்டுக்கு ஃபோன் செய்தேன். உங்கள் அப்பா எடுத்தார். அம்மா இறந்த பிறகு வீட்டில் அவரும் நீங்களும் மட்டும்தான் என்று தெரியும். நேரில் வந்து ஒரு விஷயம் பேச வேண்டும் என்றேன். "வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கேன். சரியா பத்தரைக்கு வாங்கோ" என்றார். அது படம் எடுக்கிற நாள் என்று எனக்குத் தெரியும். வேறு நாள் சொல்லுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. பெண் கேட்கப் போகிறவன் நாள் மாற்றிக் கேட்டால் நன்றாயிருக்குமா? ஒரு தடவைதானே என்று நினைத்தேன்.

புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். உட்காரச் சொன்னார். காபி கொடுத்தார். எவர்சில்வர் டம்ளரில் புள்ளி புள்ளியாக மாதங்கி என்று பெயர் வெட்டியிருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, காரியம் பழம்தான் என்று நினைத்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ச் சுவரில் தினசரிக் காலண்டர். வெள்ளிக்கிழமை, ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு.

உங்கள் அப்பா ராகு காலம் பார்க்காமல் தெருவில் கால் வைக்க மாட்டார் என்று நீங்களே எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். பெண் கேட்க வருகிறவனை அந்த நேரத்துக்கு வரச் சொல்கிறவர் என்ன பதில் சொல்லப் போகிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. ஜாதி, குலம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அவளுக்குத் தெரிஞ்சுதான் பேசறேன். நேர்ல சொல்ல சங்கடப்பட்டுண்டு என்னைச் சொல்லச் சொன்னா. கூட வேலை செய்யறவர் மனசு நோகக் கூடாதுன்னு பார்க்கறா. இதைப் பத்தி அவகிட்ட பேசி அவளை அழ வெச்சுடாதீங்கோ" என்றார்.

குடித்த டம்ளரை நானே கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். கழுவு என்று அவர் சொல்லவில்லை. நான் எழுந்து போனபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிறகு மார்க்கெட் வாசலில் வந்து உட்கார்ந்தேன். மீதி உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு உங்களை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? அதனால்தான் மேடம்.

கலியன்

*

சரோஜினி நகர்
31.1.2001

கலியா,

எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியவே தெரியாது.

உன் கடிதம் நேற்று வந்தது. இன்று காலை அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றேன். "கலியன் நம்மாத்துக்கு வந்தானா?" என்றேன். பேப்பரை மடித்தார். பொய் சொல்லவில்லை.

"வந்தான்."

"என்ன சொன்னேள்?"

"என்ன சொல்லணுமோ அதைச் சொன்னேன். மரியாதைக் குறைவா ஒரு வார்த்தை சொல்லலை. காபி குடுத்துதான் அனுப்பினேன்."

"எந்த டம்ளர்ல?"

மடித்த பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார். "அதை அன்னிக்கே வீட்டு வேலைக்கு வர காம்வாலிகிட்ட குடுத்துட்டேன்" என்றார்.

அது நான் ஐந்தாவது படிக்கும்போது அம்மா பேர் வெட்டி வாங்கிக் கொடுத்த டம்ளர். காணோம் என்று இரண்டு நாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துத் தேடினேன். அப்பாவும் என்னோடு கூடக் குனிந்து தேடினார், கலியா.

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று தெரியாது, பாதி ஹிந்தி. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "உங்கம்மாவும் போயாச்சு. நீயும் போயிட்டா இந்தாத்துல நான் யாரோட பேசுவேன்?" என்றார். அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லையே என்றுதான் அழுகை வந்தது.

ஒன்றும் கேட்கக் கூடாது என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். பத்திரிகை அடித்தாகிவிட்டது, நாள் குறித்தாகிவிட்டது, எல்லாம் எனக்கும் தெரியும். பிப்ரவரி 25 என்று நீ எழுதியதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கை தானாக எண்ண ஆரம்பித்தது. 12.2.1999-லிருந்து இருபத்துநான்கு இருபத்துநான்காகக் கூட்டிக்கொண்டே வந்தால் முப்பத்தோராவது தடவை பிப்ரவரி 25-ல் வந்து நிற்கிறது. அன்றைக்கும் படம் எடுக்கிற நாள்தான்.

இன்னும் இருபத்தைந்து நாள் இருக்கிறது. வந்துவிடு. ரயிலில் இரண்டு ராத்திரி. எனக்கு யார் சம்மதமும் வேண்டாம், எந்த நேரமும் பார்க்க வேண்டாம், அந்த வெள்ளைத் தட்டையே கட்டினாலும் சரி. பார்த்தாயா, கேட்டுவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லேபில் உன்னை வழி மறித்துக் கேட்டிருக்க வேண்டியது.

மாதங்கி

*

பரங்கிப்பேட்டை
8.2.2001

மாதங்கி,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குட்டைக் கரையில் உட்கார்ந்து அழுதேன். கூட வேலை செய்கிற தர்மன் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். பொய் எழுதமாட்டேன் என்றவன் பொய் சொல்கிறேன்.

நான் செய்தது என்ன தெரியுமா? மேலே இருந்து வருகிற எதையும் கீழே இறங்கிப் பார்க்காமல் நம்பக் கூடாது. நமக்குச் சம்பளம் கொடுத்ததே அதற்குத்தான். உன் அப்பா சொன்னதை உன்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டேனா? திங்கட்கிழமை லேபில் நீ தனியாகத்தான் இருந்தாய். முதுகைக் காட்டிக்கொண்டு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மாதங்கி என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். அவமானத்தில் எனக்கு வாய் அடைத்துவிட்டது. உன் அப்பா மேல் பாதித் தப்பு, என் மேல் பாதித் தப்பு. உன் மேல் ஒன்றும் இல்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். மூன்று நாளாகத் தள்ளிப்போட்டுவிட்டேன்.

பெண்ணின் பெயர் ஜெயலட்சுமி. பால்வாடியில் டீச்சர். அவளுக்கு ஏற்கெனவே ஒருமுறை பத்திரிகை அடித்து, பந்தல்கால் நட்டு, இரண்டு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காரணம்கூடச் சொல்லவில்லையாம். நான் பெண் பார்க்கப் போன அன்று எல்லாரும் எழுந்த பிறகு என்னிடம் தனியாக ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீங்க நிச்சயமா வந்துடுவீங்கல்ல?" வந்துவிடுவேன் என்றேன்.

என் மனசு எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அதை எழுதி உன்னை மேலும் நோகடிக்க வேண்டாம். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை கையில் டம்ளரோடு நான் உட்கார்ந்திருந்த மாதிரி இன்னொருத்தியை உட்கார வைக்க என்னால் முடியாது. முடிந்திருந்தால் இன்று ராத்திரியே ரயில் ஏறியிருப்பேன்.

காலை பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் முகூர்த்தம். அதே நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இந்தத் தடவை நல்ல நேரமாம். பத்திரிகை அனுப்பவில்லை.

ஒன்று கேட்கிறேன், செய். அந்த நாளைச் சூத்திரத்திலிருந்து எடுத்துவிடு. நல்லதாக அதில் ஒன்றும் இல்லை. என்னைத் தேடி வேணுவிடமோ யாரிடமோ விசாரிக்காதே. அப்பாவோடு பேசு. அவருக்கு வேறு யாரும் இல்லை.

கலியன்

*

சரோஜினி நகர்
25.2.2001, ஞாயிறு

கலியன்,

பதில் வேண்டாம். பண்ணை விலாசத்துக்கு ஆபீஸ் கவரில்தான் அனுப்புகிறேன். வீட்டில் யாரும் கேட்டால் ஆபீஸ் விஷயம் என்று சொல், நான் எழுதியிருப்பதும் அதுதான்.

12.2.1999-ஐ எடுத்துவிட்டேன். எடுத்தவுடன் மற்ற நாட்களெல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன. ஒரு நாள், ஐந்து எண்கள், அதுதான் மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு இருந்திருக்கிறது. மேலதிகாரி, "யார் கவனிக்கப் போறாங்க, அப்படியே விடும்மா" என்றார். முடியாது என்றேன். பனிமூட்டம் என்று நான் கழித்தது தப்பு என்று என் பெயரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் தாளைக் காட்டவில்லை, கிழித்துவிட்டேன். ஏப்ரலில் ஆரம்பிக்க இருந்ததை ஒத்திப்போட்டு, வேலையை வேறொருவரிடம் கொடுத்திருக்கிறார்கள். திரும்ப முதலிலிருந்து அளக்க வேண்டும். அளப்பதற்கு ஆள் இல்லை, அதனால் நானே போகிறேன் என்றேன்.

இன்று காலை அப்பா எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டு வைத்திருந்தார். மூன்று வாரமாக அவரோடு பேசவில்லை. இன்றும் பேசவில்லை, காபியை மட்டும் குடித்தேன். நீ கேட்டுக்கொண்டதில் அந்த அளவுக்குத்தான் இப்போது என்னால் முடிந்தது.

ராம்சரண் பையாவுக்கு இப்போது ஒரு கண் சரியாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும், "கல்யாண் பாபு கஹாங் ஹை, பிட்டியா?" என்று நீ எங்கே என்று விசாரித்தார். இன்றைக்கு அவருக்குக் கல்யாணம் என்றேன். "அச்சா! அச்சா!" என்று சந்தோஷப்பட்டு, லட்டு எங்கே என்றார். அடுத்த தடவை கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பத்து நாற்பதுக்கு முதல் இடத்துக்குப் போய்விட்டோம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வாட்சைப் பார்த்துக்கொண்டே தட்டை இறக்கினேன். நான் இதுவரை தனியாக இறக்கியதில்லை, கயிறு கையில் வழுக்கியது. ஐம்பது வரை வெள்ளையாகத் தெரிந்தது. அப்புறம் மங்கிக்கொண்டே போயிற்று. தெரிகிறதா தெரியவில்லையா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றால் எதுவும் சரியாகத் தெரியாது, அதனால் முழுக்க மேலே இழுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பவும் இறக்கினேன். குத்துமதிப்பாக எழுதக் கூடாது இல்லையா?

பையாதான் எட்டிப் பார்த்துச் சொன்னார். "டூப் கயீ, பிட்டியா. தாலி டூப் கயீ."

மணி பத்து நாற்பத்தாறு. மறைந்த ஆழம் ஐம்பத்தாறு. மெதுவாக மேலே தூக்கியபோது திரும்பத் தெரிந்தது ஐம்பத்திரண்டில். சராசரி ஐம்பத்துநான்கு. மற்ற நான்கு இடங்களையும் முடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் கரைக்கு வந்தோம். அதற்குள் உனக்கு எல்லாம் முடிந்திருக்கும்.

நோட்டில் தலைப்பை மாற்றவில்லை. தாலி என்றே இருக்கிறது. அதன் கீழே ஐந்து எண்களை எழுதி, அளந்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷம் கழித்து யாராவது இந்தப் பக்கத்தைத் திறந்து, 25.2.2001 காலை நீங்கள் ஆற்றில் இருந்தீர்களா, இல்லையா என்று கேட்டால், என்னிடம் ஒரு வார்த்தை இருக்கிறது.

இருந்தேன்.

மாதங்கி